பள்ளிக்கு அனுப்பலாமா, வேண்டாமா? ஒரே வீட்டில் இரண்டு கருத்து

குழந்தை நலம்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்
2022 பிப்ரவரி

கொரோனாவின் ஓமிக்ரான் வகை பரவியதால் ஜனவரியில் மூடப்பட்ட பள்ளிகள், பிப்ரவரி 1ஆம் தேதி ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மீண்டும் திறக்கப்பட்டுள்ளன. அதன் பிறகு இப்பகுதிக்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, நோயைப் பற்றிக் கேட்டவர்களைவிட, நோயை முன்னிட்டு வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றி எழுதியவர்களே அதிகம் என்று தெரிந்தது. "யார் சொல்வது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மருத்துவ விவரங்களில் எது சரி, எது தவறு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கணவன் மனைவி வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு ஏழாம் வகுப்பில் ஒரு மகனும் மூன்றாம் வகுப்பில் ஒரு மகளும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு மே மாதம் என் கணவரின் அண்ணன் கொரோனாவில் இறந்துவிட்டார். கடைசியாக அவர் முகத்தைக்கூட எங்களால் பார்க்க முடியவில்லை. அதிலிருந்து என் கணவர் பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடுவதில்லை. சர்க்கரை நோயாளியான என் மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார். பிள்ளைகளின் படிப்பு வீணாகிறதே என்று நான் சொன்னால், "உனக்கு உயிர் பெரிதா, படிப்பு பெரிதா?" என்று கேட்கிறார். மகள் தோல் உரியும் அளவுக்குக் கை கழுவுகிறாள். நேற்று, "நான் ஸ்கூலுக்குப் போனா அப்பத்தா செத்துப் போயிடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். என்ன செய்வதென்று தெரியவில்லை, டாக்டர்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மகளின் கேள்விக்கு முன்பே வந்துவிட்டது. கூடப் பிறந்த அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன மனிதரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். 2021 மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதையும், ஆக்சிஜன் படுக்கைக்காக ஊர் ஊராக அலைந்ததையும் நேரில் பார்த்தவர்களுக்கு அந்த மாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்து, உறவு கூடி அழுது, செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும் வழக்கம் எதற்காக இருக்கிறதோ, அது உங்கள் கணவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பள்ளியை எதிர்க்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; அவர் இன்னும் ஓர் இழப்பைத் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. புள்ளிவிவரம் காட்டி அவரை வெல்லப் பார்ப்பதற்கு முன், ஒரு நாள் மாலை பள்ளிப் பேச்சையே எடுக்காமல், அண்ணனைப் பற்றி அவரைப் பேச விடுங்கள். முதலாண்டுத் திதிக்கு இன்னும் மூன்று மாதங்களே உள்ளன. அதை உறவினர்களை அழைத்து முறையாகச் செய்வதென்று இப்போதே இருவரும் தீர்மானித்துக்கொள்வதும் நல்லது.

இனி விவரங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அவருக்கு அவையும் வேண்டும். சென்ற மே மாதத்தில் இருந்த ஆபத்தும் இப்போது இருப்பதும் ஒன்றல்ல. இந்த ஜனவரியிலும் தினசரி எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது உண்மைதான். ஆயினும் தடுப்பூசி போட்டவர்களும் முன்பே தொற்று வந்து போனவர்களும் பெருகிவிட்டதால், அதே எண்ணிக்கைக்கு அன்று நிரம்பிய அளவு மருத்துவமனைகள் இன்று நிரம்பவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடத்திய நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 விழுக்காட்டினருக்கும் தொற்று முன்பே வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் அப்போது பள்ளிக்கே போகாமல் வீட்டில் இருந்தவர்கள் என்பதை உங்கள் கணவர் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் வேலைக்கும் கடைக்கும் போய்வருகிற வீட்டில், பிள்ளையை மட்டும் அடைத்து வைத்து நோயை வெளியே நிறுத்த முடியாது.

ஆனால் உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை உங்கள் கணவரின் அச்சத்துக்கு முழு நியாயம் உண்டு. குழந்தைக்கு இருக்கும் ஆபத்து வேறு, குழந்தையால் சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு வரக்கூடிய ஆபத்து வேறு; இரண்டையும் ஒரே பேச்சில் கலப்பதால்தான் உங்கள் வீட்டு வாக்குவாதம் முடிவதில்லை. மாமியார் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால், பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அவரை முகாமுக்கு அழைத்துச் செல்லுங்கள். போட்டு 9 மாதம் நிறைந்திருந்தால், 60 வயது கடந்த, சர்க்கரை போன்ற இணை நோய் உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி 10 முதல் போடத் தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணைக்கு (மூன்றாவது ஊசிக்கு) அவர் தகுதியானவர். அவருடைய சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பேத்தியை வீட்டில் நிறுத்துவதைவிட இவை இரண்டும் அவருக்குப் பெரிய காவல். பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சன்னல்களைத் திறந்து வைப்பது, பிள்ளைகளுக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் சில நாட்கள் பாட்டியுடன் படுக்க விடாமல் இருப்பது ஆகியவை போதும். வந்தவுடன் குளித்து, புத்தகப்பையை வெயிலில் காயவைத்து, செருப்பைக் கழுவும் சடங்குகள் தேவையில்லை.

மகளின் கேள்விக்கு "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். பெரியப்பா விஷயத்திலும் ஒன்றும் ஆகாது என்றுதான் அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். "அப்பத்தாவைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை, அம்மாவின் வேலை, டாக்டரின் வேலை. அவருக்கு ஊசி போட்டிருக்கிறோம். உன் வேலை, சாப்பிடும் முன்பும் வெளியிலிருந்து வந்த பின்பும் கை கழுவுவது மட்டும்தான். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அது யாருடைய குற்றமும் இல்லை" என்று, ஊசி போட்ட பிறகு, கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். எட்டு வயதுப் பெண், ஒரு பெரியவரின் உயிரைத் தன் கையில் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்; அந்தப் பாரத்தைப் பெற்றோர் இருவரும் சேர்ந்துதான் இறக்கி வைக்க முடியும். கை கழுவும் நேரங்களைக் குறிப்பிட்டுக் கொடுத்து, கழுவிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் அவளால் நிறுத்த முடியாமல் அழுதாலோ, கழுவாவிட்டால் கெட்டது நடக்கும் என்று சொன்னாலோ, மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். அது மருந்தாலும் பயிற்சியாலும் குணமாகக்கூடிய நிலைதான்.

பள்ளியைப் பொறுத்தவரை, "எப்போதும் அனுப்புவோம்" என்றோ "இந்த ஆண்டு முழுவதும் வேண்டாம்" என்றோ உங்கள் கணவரிடம் உறுதி கேட்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு அனுப்பிப் பார்ப்பது, அதற்குள் எது நடந்தால் நிறுத்துவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வது என்றால், பயந்தவர்களும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு என் மனைவி வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போடுகிறார். காய்கறிகளைச் சோப்பு நீரில் கழுவுகிறார். ஸ்வீடனில் பள்ளிகளை மூடவே இல்லை, ஒரு குழந்தைகூட இறக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்த தகவலைக் காட்டினால் என்னுடன் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். அவருக்குப் புரியும்படி நீங்கள் எழுத வேண்டும்.
(வாசகர், தாம்பரம்)

பதில்: முதல் இரண்டிலும் உங்கள் பக்கமே மருத்துவம் இருக்கிறது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஆகஸ்டிலேயே கூறிவிட்டன. கடந்த மாதம் வெளிவந்த மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகள், சரியாக அணியத் தெரிந்தால் பெரியவர்களின் கண்காணிப்பில் அணியலாம். காய்கறிகளுக்கு நல்ல தண்ணீர் போதும். சோப்பு வயிற்றுக்குக் கேடு. இந்தக் கிருமி முக்கியமாகக் காற்று வழியாகப் பரவுவது என்பதால், காய்கறிக்குச் செலவிடும் அக்கறையைச் சன்னலுக்குச் செலவிடுவதே பொருத்தம்.

ஸ்வீடன் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் 16 வயதுக்கு உட்பட்டவர்களின் பள்ளிகள் 2020 வசந்த காலத்தில் திறந்திருந்ததும், மார்ச் முதல் ஜூன் வரையிலான நான்கு மாதங்களில் சுமார் 19.5 லட்சம் பிள்ளைகளில் 15 பேர் மட்டுமே கொரோனா காரணமாகத் தீவிர சிகிச்சைக்குச் சென்றதும், அவர்களில் எவரும் இறக்கவில்லை என்பதும் ஆய்விதழில் வெளிவந்த உண்மைகள். ஆனால் அவை முதல் நான்கு மாதங்களின் கணக்கு. ஒரு வகுப்பறையில் எத்தனை பேர் நெருங்கி உட்காருகிறார்கள், பேத்தியின் பக்கத்தில் தாத்தா தூங்குகிறாரா, வீட்டிலிருந்து எத்தனை நிமிடத்தில் படுக்கை கிடைக்கும் என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் ஸ்டாக்ஹோமைத் தாம்பரத்துக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் மனைவி அளவுக்கு மேல் பயப்படுகிறார் என்றால், நீங்கள் பாதிச் செய்தியை முழு உறுதியாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் இரவில் விழித்திருப்பது யார்? மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவது, அலுவலகத்தில் விடுப்புக் கேட்பது, பிறகு "நீ கவனமாக இல்லாததால்தான் வந்தது" என்று உறவினர்களிடம் பேச்சு வாங்குவது யார்? பெரும்பாலான வீடுகளில் இவை எல்லாம் தாய் மேல் விழுவதால், தாய்க்கு ஆபத்து பெரிதாகத் தெரிகிறது. அந்த வேலைகளில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால், முகக்கவசம் தானாகவே இறங்கிவிட வாய்ப்பு உண்டு. இந்தப் பதிலில் உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் படம் பிடித்து அவருக்கு அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மகளின் வகுப்புப் பெற்றோருக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காய்ச்சல் இருந்த மகனுக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியதாக ஒரு தாய் அதில் பேச்சுவாக்கில் எழுதிவிட்டார். நான் கண்டித்தேன். உடனே பாதிப் பேர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றும், மீதிப் பேர் அந்தத் தாயைக் கொலைகாரி என்றும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இப்போது பிள்ளைகளும் அந்தப் பையனுடன் பேசுவதில்லை.
(வாசகி, மதுரை)

பதில்: காய்ச்சலை மாத்திரையால் மறைத்துப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பியது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தொற்று உறுதியானவர்கள் பரிசோதனை நாளிலிருந்து குறைந்தது 7 நாள் தனித்திருக்க வேண்டும், கடைசி 3 நாட்கள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியில் வந்த அரசு விதி. மாத்திரை கொடுத்துக் காய்ச்சல் தெரியாமல் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆனால் அந்தத் தாய் ஏன் அப்படிச் செய்தார் என்று குழுவில் ஒருவராவது கேட்டீர்களா? தினக்கூலி வேலையோ, விடுப்புத் தராத நிறுவனமோ, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலையோ இருந்திருக்கலாம். எச்சரிக்கையாக இருப்பதற்கு வசதியும் வேண்டியிருக்கிறது. இரண்டு அறையும் வீட்டிலிருந்தே செய்யும் வேலையும் உள்ளவர்களுக்கு அது எளிது. கொலைகாரி என்ற சொல்லைப் பார்த்த பிறகு, அடுத்த முறை காய்ச்சல் வந்தால் யாரும் குழுவில் சொல்ல மாட்டார்கள். மறைப்பவர்கள் கூடும்போது ஆபத்து உங்கள் மகளுக்கும் கூடுகிறது. காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தால் வருகைப் பதிவில் பிடித்தம் இல்லை, அன்றைய பாடத்தை இன்னொரு பெற்றோர் அனுப்பி வைப்பார் என்று வகுப்பாசிரியர் மூலம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டால், உண்மையைச் சொல்வதால் யாருக்கும் நட்டம் இராது.

அந்தப் பையனிடம் பேசத் தொடங்க வேண்டியது உங்கள் மகள். அதை அவளிடம் சொல்ல வேண்டியவர், முதலில் கண்டித்தவர் என்ற முறையில், நீங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் தடுப்பூசி போட்டுக்கொள்ள விரும்புகிறாள், தோழிகள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். நானும் சம்மதம் என்கிறேன். பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கும் என்று யாரோ சொன்னதாக அவள் அப்பா மறுக்கிறார்.
(வாசகி, திருச்சி)

பதில்: 2007ஆம் ஆண்டோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் கோவாக்சின் போடத் தொடங்கினார்கள், தமிழ்நாட்டில் சுமார் 33 லட்சம் பேர் இதற்குத் தகுதி பெற்றார்கள். முதல் தவணை போட்டு 28 நாட்களுக்குப் பின் இரண்டாம் தவணை. இது செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரிக்கப்படுவது. போலியோ ஊசியும் ரேபிஸ் ஊசியும் இதே முறையைச் சேர்ந்தவை. குழந்தைப்பேற்றைப் பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரக்கூடும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவி, பள்ளி வாசலிலிருந்து பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துப் போனார்கள். அன்று போட்டுக்கொண்ட பிள்ளைகளில் பலர்தான் இன்று உங்கள் மகளின் வகுப்பில் இருக்கிறார்கள். கணவரை "யாரோ"விடமிருந்து பிரித்து, அவர் நம்பும் குடும்ப மருத்துவரிடம் மகளுடன் சேர்த்து அனுப்புங்கள். பதினைந்து வயதுப் பெண் தானே கேள்வி கேட்டுப் பதில் பெறுவதைத் தந்தை பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: என் மகன், பேரன் சாப்பிட மறுத்தால் "கொரோனா பிடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்கிறான். முன்பு பூச்சாண்டி என்றோம், அதுபோலத்தானே என்று மருமகளும் சொல்கிறாள். இது சரியா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: சரியல்ல, ஐயா. பூச்சாண்டி ஒருநாளும் பக்கத்து வீட்டுக்கு வந்ததில்லை. உங்கள் மகனிடம் நேரடியாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பேரன் முன்னால் மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், பள்ளி நாள் விடிந்தாலே வயிற்று வலி என்கிறான். கொரோனா வந்துவிடும், போகமாட்டேன் என்று அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை தெருவில் முகக்கவசம் இல்லாமல் கிரிக்கெட் ஆடுகிறான். பயந்த பிள்ளையை ஏன் வற்புறுத்த வேண்டும் என்கிறேன் நான். நடிக்கிறான் என்று அவன் அப்பா அடிக்கிறார்.
(வாசகி, விழுப்புரம்)

பதில்: வயிற்று வலியை முதலில் வயிற்று வலியாகவே பார்த்துவிடுவோம். தொற்று வந்து சென்ற 2 முதல் 6 வாரங்களில், மிகச் சில பிள்ளைகளுக்கு விடாத காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, உடலில் தடிப்பு, கண் சிவப்பு ஆகியவை சேர்ந்து வருவதுண்டு; அப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் மகனின் வலி விடுமுறை நாட்களில் வருவதில்லை, காய்ச்சலும் இல்லை என்பதால் இது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

வலி பொய் என்று நான் நினைக்கவில்லை. காரணம்தான் வேறு என்று சந்தேகிக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து சரளமாகப் படிப்பதற்குப் பிள்ளைகள் மாறும் வயது அது. அதன் பிறகு தேர்வு இல்லாமல் தேர்ச்சி பெற்று, நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தபோது நேராக ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தான்; இரண்டே மாதத்தில் மறுபடியும் மூடிவிட்டார்கள். இன்று மாலை அவனுடைய நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், தடுமாறினால் திட்டாதீர்கள். எல்லார் முன்னிலையிலும் படிக்கச் சொல்வார்களே என்ற அச்சத்தை ஒரு பத்து வயதுப் பையன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். கொரோனா பயம் என்றால் பெரியவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். நோய்க்குப் பயந்து வராத பிள்ளைகளைப் போலவே, படிப்பு மறந்ததை மறைக்க வராத பிள்ளைகளையும் இந்த நவம்பருக்குப் பிறகு நிறையப் பார்க்கிறேன்.

எனவே வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் உதவாது, அடிப்பதும் உதவாது. ஒவ்வொரு நாளும் வீட்டில் இருக்கும்போது அவன் இன்னும் பின்தங்குகிறான், மறுநாள் வலி கூடுகிறது. உங்கள் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் சென்ற அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவன் என்றால், தெருவிலேயே மாலை வேளையில் தன்னார்வலர் ஒருவர் நடத்தும் வகுப்பில் முதலில் சேருங்கள்; கிரிக்கெட் ஆடும் நண்பர்களும் அங்கே வருவார்கள். வகுப்பாசிரியரைத் தனியே பார்த்து, சில வாரங்களுக்கு அவனை எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் அரை நாள், அடுத்த வாரம் முழு நாள் என்று பள்ளி இசைந்தால் அப்படியே தொடங்கலாம்.

அவனுடைய அப்பாவுக்கு ஒரு வேலை தருகிறேன். காலையில் பள்ளி வாசல் வரை அவர் கூட்டிப் போகட்டும், இரவில் ஒரு பக்கம் அவனுடன் உட்கார்ந்து படிக்கட்டும். அடிப்பதை நிறுத்துவது அவருக்குக் கடினமாக இருந்தால் அடுத்த முறை மகனுடன் அவரும் மருத்துவரிடம் வரட்டும். அதற்குள் ஆலோசனை தேவைப்பட்டால் அரசின் 104 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.